ஆலாத்திச் சிவப்பு

காபி ஆறுகிறது ஐயா, நீங்கள் குடியுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. விசாரணை என்றாலும் இவ்வளவு மரியாதையாக உட்காரவைத்துக் கேட்கிறீர்கள், நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பனமரத்துப்பட்டிக்குத் தெற்கே மரவள்ளிக்கிழங்கு மாவு மில் என்னுடையதுதான். கிழங்கு பிழிந்த கழிவுத் தண்ணீரை ஒரு குழியில் தேக்குவோம். அதில் சயனைடு இறங்கியிருக்கும். இந்த ஐப்பசி மழையில் குழிக்கரை உடைந்து, அத்தனையும் என் பண்ணையாட்கள் தெருக் கிணற்றுக்குள் போய்விட்டது. மழை பெய்ததற்கு நான் என்ன செய்ய முடியும்.

சுகாதார இன்ஸ்பெக்டர் தோமினிக் சேலத்திலிருந்து சைக்கிளில் வந்தார். தங்கமான மனுஷன். ஒரு புட்டியும் மஞ்சள் தாள் துண்டுகளும் கொடுத்தார். புட்டியில் பாதி கிணற்றுத் தண்ணீர், இரண்டு சொட்டு அமிலம். தாள் தண்ணீரில் படாமல் மேலே தொங்க வேண்டும். வெயிலில் வைக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் குடிக்கலாம், சிவந்தால் விஷம்.

"செவந்துச்சுன்னா அந்தக் கெணத்த மூடிருங்க. ஒரு மாசத்துக்கு அந்தத் தெருச் சனங்க ஒங்க தோட்டத்துக் கெணத்துல தண்ணி சேந்திக்கட்டும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஆத்தூர்ப் பக்கம் காலரா. அன்றே போக வேண்டியவர். படித்தவன் என்று நம்பி என்னிடம் விட்டுப் போனார்.

ஒரு மாதம் என் கிணற்றில் அவர்கள் குடத்தை விட்டால், அடுத்த மாதம் எந்த வாயால் வேண்டாம் என்பது? அப்பன் பாட்டன் காலத்தில் நடக்காதது.

அவர்கள் இரண்டு நாளாக ஓடைச் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பார்க்கக் களத்தில் புட்டியை வைத்தேன். மத்தியானத்துக்குள் தாள் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. மறைக்க வழியில்லை. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, களையெடுக்க வரும் ராமாயி கன்னத்தில் கைவைத்துச் சிரித்தாள்.

"அட, ஆலாத்தித் தண்ணியாட்டமே செவந்துருச்சுங்களே சாமி."

மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்தால் சிவக்கும். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அதைத்தானே சுற்றுகிறோம். அவர்கள் அறிந்த சிவப்பு அதுதான். நான் ஆமாம் என்றேன். தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் இப்படிச் சிவக்கும் என்றும் சொன்னேன். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ராமாயி மட்டும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"வாயில வெச்சாக் கசக்குதுங்க சாமி. கொழந்தைக்குக் குடுக்கலாமுங்களா?"

"நல்லாக் குடு. நாஞ்சொல்றனல்லொ, அப்பறமென்ன."

சரிங்க சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் நான்கு பிள்ளைகள் போய்விட்டன. அவளுடைய இரண்டும் அதில் அடக்கம். அவள் வாந்தியெடுத்துப் பிழைத்துக்கொண்டாள். பிழைத்தவள் சும்மா இருக்கவில்லை. என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அத்தனை வருஷம் என் கையால் கூலி வாங்கியவள். அது எனக்கு மிகவும் வருத்தம்.

கொஞ்சமும் இரக்கம் இல்லையா என்கிறீர்கள். இல்லாமலா? தாள் சிவந்த உடனே வண்டிக்காரன் குழந்தைவேலுவைத் தனியாகக் கூப்பிட்டு, என் காளைகளை அந்தக் கிணற்றுத் தொட்டிப் பக்கமே விடாதே என்று சொல்லிவிட்டேன். பாவம், வாயில்லா ஜீவன்கள். குடிக்கலாமா என்று என்னைக் கேட்க அவற்றுக்குத் தெரியாது. ராமாயிக்கு வாய் இருந்தது. கேட்டாள், பதில் சொன்னேன்.