வெட்டாம ஒட்டணும்

கத்திரியக் கீழ வைங்க தம்பி. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க, அப்புறம் அதத் தொடுங்க. கேசட் நாடா கசங்கிக் கெடக்கறது எனக்கும் கண்ணுக்குத் தெரியுது. கசங்குன எடத்த வெட்டிட்டு ரெண்டு முனையையும் ஒட்டிருவீங்க, அதானே? பேச்சே இல்லாத எடந்தான், ஒண்ணும் போயிடாதுங்கறீங்க. அந்தப் பேச்சில்லாத எடத்துக்காகத்தான் தம்பி நான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

யாரு இப்படிப் பண்ணாங்களா? எங்க மாப்பிள்ளைதான். பழைய சாமான்னா அவருக்கு உசுரு. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க கடைக்கு வர்றவங்களச் சொல்லல. ஹால் செவுத்துல இசைத்தட்டா மாட்டி வச்சிருக்காரு. ஒண்ண எடுத்துப் போடுங்க மாப்பிள்ளைன்னேன். போடறதுக்கு மிஷின் இல்ல அத்தை, இது பாக்கறதுக்குன்னாரு. பாட்டப் பாக்கறதுக்கு வாங்குன மகராசன நான் இப்பத்தான் பாக்கறேன். அப்புறம் ஒரு கேசட் பிளேயர் வாங்கிட்டு வந்தாரு. பாத்தா பாட்டன் காலத்துது மாதிரி இருக்கும், ஆனா போன மாசம் செஞ்சது. துருவக்கூட பெயிண்ட்ல அடிச்சிருக்கான். அதுதான் என் நாடாவ மென்னு துப்புச்சு.

எம்பொண்ணு அவருக்கு மேல. எதுன்னாலும் போன்ல இருக்கற அந்த ஏஐ சொல்லணும் அவளுக்கு. பால் கெட்டுப் போச்சான்னு மோந்து பாக்க மாட்டா, போட்டோ எடுத்து அதுகிட்ட கேப்பா. அது என்ன சொல்லும்? பால் வெள்ளையா இருக்குன்னு சொல்லும். ஒருநாள் ரெண்டு பேருக்கும் சண்டை. அவ மன்னிப்பு எழுதித் தரச் சொல்லி அதுகிட்ட கேட்டிருக்கா. அவரும் அடுத்த ரூம்ல உக்காந்து அதுகிட்டயே கேட்டிருக்காரு. ரெண்டும் வரி மாறாம ஒண்ணு. அப்புறம் யாரு யாரப் பாத்து எழுதுனதுன்னு புதுசா ஒரு சண்டை. நடுவுல நான் முழிச்சிக்கிட்டு நிக்கறேன்.

சிரிங்க, சிரிங்க. கை ஆடாமப் பாத்துக்குங்க, அவ்வளவுதான்.

இந்தக் கேசட் எங்க வீட்டுக்காரரு குடுத்தது, கல்யாணத்துக்கு முன்னாடி. அவருக்குத் திக்குவாய் தம்பி. எங்கண்ணன்கூட வேலை பாத்தவரு. நேர்ல வந்து கேக்கப் பயந்துகிட்டு, பேசிப் பதிஞ்சு அண்ணன்கிட்டக் குடுத்தனுப்புனாரு. என்னை வீட்ல பட்டுன்னு கூப்பிடுவாங்க. மத்த எழுத்தெல்லாம் எப்படியோ தாண்டிடுவாரு, இந்தப் ப-வுல போய் நின்னுடுவாரு. ப்... ப்... அப்புறம் சத்தமே இருக்காது. மறுபடி ஒரு ப். எனக்கு இதெல்லாம் தெரியாது. டேப்புதான் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு மிஷின ரெண்டு தட்டு தட்டுனேன். அண்ணன் ஓடி வந்து, அத ஏன் அடிக்கற, மிஷின் நல்லாத்தான் இருக்கு, ஆளுதான் அப்படின்னான். ஒரு பக்கம் பூரா ஓடி முடிஞ்சுது, மனுஷன் விஷயத்துக்கே வரல. திருப்பிப் போட்டா, அந்தப் பக்கத்துலதான் ஒருவழியா பட்டுன்னு சொல்லி, கட்டிக்கிறியான்னு கேட்டாரு.

ஏன் ஒத்துக்கிட்டேன்னா கேக்கறீங்க? எங்கப்பா நல்லாக் கோர்வையாப் பேசுவாரு தம்பி. எங்கம்மாவத் திட்டும்போதுகூட ஒரு வார்த்தை தடுக்காது. என் பேரச் சொல்றதுக்கு ஒருத்தர் இவ்வளவு பாடுபடறாரேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

கல்யாணத்துக்கப்புறம் அந்தப் பேரயே விட்டுட்டாரு. ஏம்மா, இந்தாம்மா, இப்படியே காலத்த ஓட்டிட்டாரு. அவரு வாயால பட்டுன்னு கூப்பிட்டது இந்த நாடாவுல மட்டுந்தான் இருக்கு.

இத எம்பொண்ணு, எங்க கல்யாண நாளுக்குப் பரிசு தர்றேன்னு அந்தப் பெயிண்ட் துரு மிஷின்ல போட்டு, போன்ல ஏத்தி, ஏஐய விட்டுச் சுத்தம் பண்ணியிருக்கா. இரைச்சல் வேணாம், சும்மா இருக்கற எடம் வேணாம், சொன்னதயே சொல்றது வேணாம். எல்லாரும் உக்காந்து கேக்கறோம். நான் கண்ணாடிய எடுத்து மாட்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கேக்கறதுக்கு எதுக்குக் கண்ணாடின்னு கேக்காதீங்க, பழக்கம். பட்டு, கட்டிக்கிறியா. அவ்வளவுதான் தம்பி. டிக்கெட் எடுத்துட்டியான்னு கண்டக்டர் கேக்கற மாதிரி இருந்துச்சு. தேவையில்லாததயெல்லாம் எடுத்துட்டேம்மான்னு பெருமையா நிக்கறா. பழசு எங்கடின்னா, போன்ல எடத்த அடைச்சுது, அழிச்சுட்டேங்கறா. சரி, கேசட்டயே இன்னொரு தடவ போடுவோம்னு போட்டப்பத்தான் இந்தக் கதி.

எங்க வீட்டுக்காரரா? அவருக்கு ஒரே சந்தோஷம். திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கறாரு. வாழ்நாள் பூரா இப்படிப் பேசணும்னுதான் ஆசைப்பட்டேன்னு எழுதிக் காட்டறாரு. ஆமா, எழுதித்தான். தொண்டை சரியில்ல, கொஞ்ச நாளாக் குரலே எழும்பல.

வெட்டாமலே முடியுமா? நீவி நீவிப் பாப்பீங்களா? பாருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் இந்த ஸ்டூல்லயே உக்காந்திருக்கேன். வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வர்றதெல்லாம் தோதுப்படாது. புதன்கிழமை அவருக்கு ஆபரேஷன். தொண்டையில இருக்கற கட்டியோட சேத்துக் குரல்வளையையும் எடுத்துடறாங்க. உசுருக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, பேச்சுதான் இனி வராது. அதுக்கும் ஒரு ஏஐ இருக்காம். பழைய குரல் குடுத்தா, இவரு எழுத எழுத இவரு குரல்லயே போன் பேசுமாம். எம்பொண்ணு அந்தச் சுத்தம் பண்ணதக் குடுத்திருக்கா, அது பத்தாது, இன்னும் நீளமா வேணும்னுட்டாங்க. நீளத்துக்கு நம்மகிட்ட என்ன கொறச்சல்.

ஊருகிட்டயெல்லாம் அவரு கோர்வையாப் பேசிக்கட்டும். அவரு ஆசை, நான் குறுக்க நிக்கல. என் பேர மட்டும் அந்த மாதிரி நின்னு நின்னுதான் சொல்லணும்னு நேத்து கேட்டேன். பேனாவ எடுத்தாரு. அப்புறம், அதுக்கு ரொம்ப நேரம் ஆகுமேன்னு எழுதுனாரு. ஆகட்டும்னேன்.

அந்த ஏஐக்குத் திக்கத் தெரியாதாம் தம்பி. இத வச்சுத்தான் கத்துக்குடுக்கணும். பாத்து ஒட்டுங்க.