மறுமுனையில் யாரும் இல்லை

மணி பதினொன்று தாண்டியிருக்கும். உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற ரோடு… விளக்கு கிடையாது, ஆள் கிடையாது. மொபெட்டில் ஆசாத் மட்டும். நம் தெரு மீரான் மைதீனுக்கு மச்சான் முறை. கிட்டே வந்து உட்காருங்கள், கத்திச் சொல்லுகிற கதையில்லை.

இரண்டாயிரத்து ஆறு. மாகறலில் பழைய நெல் கிடங்கு ஒன்றில் பிரேம்நாத்தின் கம்பெனி. வாசல் போர்டில் 'இன்டர்நேஷனல்'; உள்ளே தவிட்டு வாசனை. ஒரே கம்ப்யூட்டரைப் பத்து கம்ப்யூட்டராக வேஷம் கட்டவைக்கிற சாப்ட்வேர் செய்தார்கள். பிரேம்நாத்துக்குப் பொருத்தமான தொழில். அவரும் ஒரே ஆள், விசிட்டிங் கார்டில் ஆறு பதவி.

கஸ்டமர்களின் விவரங்களை அந்தக் கம்ப்யூட்டர் கேபிள் வழியே காஞ்சிபுரத்துக் கம்ப்யூட்டரில் எழுதிவைக்கும். நடுவில் லைன் அறுந்தால் எழுதியது போய்ச் சேராது. அப்போது சிவப்பில் 'மறுமுனையில் யாரும் இல்லை' என்று திரையில் வரும்படி செய்துவைத்தவன் அங்கே வேலை பார்த்த ஜமீர்.

"கஸ்டமர் வர்ற நேரத்துல செவப்பு இன்னாத்துக்குபா?" என்றார் பிரேம்நாத். "லைன் போனாலும் பச்சையா 'எழுதியாச்சு'ன்னு காட்டு."

"எழுதாதத எழுதிட்டேன்னு சொல்ல மாட்டேன் சார்."

பக்கத்து சீட் ஆசாத் தினமும் ஜமீரின் டிபனில் பாதியைத் தின்றவன். பாஸ்வேர்டும் தெரியும். ஜமீர் பெயரிலேயே உள்ளே போனான். சிவப்பு வரியை அழித்து, எப்போதும் பச்சையே வரும்படி மாற்றினான். அடுத்த மாதம் 'சீனியர்' ஆனான்.

மூன்று மாதம் எல்லாம் பச்சை. பிறகு காஞ்சிபுரத்தில் திறந்து பார்த்தால்… ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி விவரம் மொத்தமும் காணோம். யார் கைவைத்தது? ஜமீர் என்றது கம்ப்யூட்டர். பிரேம்நாத் நேர்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு அவனைத் துரத்தினார். ஜமீர் ஆசாத்தைத்தான் பார்த்தான்.

"நீயாவது சொல்லுடா."

ஆசாத் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் செய்யாற்றில் வெள்ளம். பாலத்தில் ஜமீரின் சைக்கிள் மட்டும் நின்றது. மூன்றாம் நாள் ஆளை எடுத்தார்கள்.

ஜமீருக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த இரவு, கம்பெனி வாட்ச்மேன் செங்கேணி ஆசாத்துக்குப் போன் பண்ணினான். "சார், ஸ்கிரீன்ல செவப்பா இன்னாமோ ஓடிக்கினு கீது. பேஜாரா கீது, சீக்கிரம் வாங்க."

அதற்குத்தான் அந்த மொபெட்.

கதவைத் திறந்தான். தவிட்டு வாசனை இல்லை… ஆற்றுச் சேற்று வாசனை. டக்… டக்… ஆளில்லாத கீபோர்டு. திரை முழுக்கச் சிவப்பு. மறுமுனையில் யாரும் இல்லை. மறுமுனையில் யாரும் இல்லை. அவன் கையால் அழித்த அதே வரி.

கேபிளைப் பிடுங்கினான்.

டக் சத்தம் நின்றது. சிவப்பு போயிற்று. பச்சையில் ஒரே வரி… 'மறுமுனையில் ஜமீர். எழுதியாச்சு.'

காலையில் பிரேம்நாத் வந்து பார்த்தார். "பார்ரா, எல்லாம் பச்சை! கஸ்டமரக் கூப்புடு!"

கேபிளை யாரும் திரும்பச் சொருகவில்லை. சுவரில் தொங்குகிறது, நுனி ஈரம் காய்வதில்லை. ஆனால் தினம் ராத்திரி ஒரு ஃபைல் மட்டும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகிறதாம். திறந்து பார்க்க ஆசாத்துக்குத் தைரியமில்லை… பெயரைப் பார்த்ததோடு சரி.

'நீயாவது சொல்லுடா.'