வேன் தள்ள வந்த கொழுந்தன்

ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க வீட்டுக்காரரு ரொம்ப நாளா கெட்டுக் கெடந்த வேன் ஸ்டார்ட்டர் மோட்டார வீட்டுலயே கழட்டி நல்லா செஞ்சிட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு.”

“ஏன்க்கா? நல்லதுதானே லா!”

“பக்கத்து வீட்டுல என் கொழுந்தன் இருக்கான்ல? போன தீவாளிலேருந்து அண்ணங்கூடப் பேச்சே இல்ல. ஆனா தினமும் காலையில வேன் தள்ள மட்டும் வாயத் தொறக்காம வந்து நிப்பான். மோட்டாரு நல்லானதும் அதுவும் நின்னு போச்சு.”

“அப்புறம்?”

“இன்னைக்கு விடியுறதுக்குள்ள நானே போயி ஸ்டார்ட்டர் ஒயர தளர்த்தி விட்டேன்.”

“ஐயோ அக்கா! தள்ள வந்தாரா?”

“வந்தான். ஆனா தள்ளல. பானெட்டத் தொறந்து பார்த்துட்டு, ‘அண்ணே, ஒயரு லூசா இருக்கு’ன்னான்.”