அறுபத்தைந்துக்குள்

காபி வேண்டாம் சார். எடை போடுகிற நாள் வந்தால் எதுவும் குடிக்காமல் இருந்தே பழகிவிட்டது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

என் பெயர் சிவபாண்டி. ராஜபாளையத்தில் பி.காம். கடைசி வருஷம். கல்லூரிக் கபடி அணிக்குக் கேப்டன். இந்த சீசனில் ஆறு ஆட்டம், ஆறிலும் வெற்றி. எதிரணிக்குள் பாடிப் போய்ப் பாயிண்ட் எடுத்துவந்தவன் பாண்டிச்செல்வம். அதை நான் மறைக்கவில்லை. அவன் இல்லையென்றால் மற்ற ஆறு பேரும் சும்மா நிற்கிற வேலிக்கம்பு.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறுதி ஆட்டம். கோப்பை வாங்குகிற அணிக்குத்தான் சான்றிதழ். அது கையில் இருந்தால்தான் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் நான் மனுப் போட முடியும். பொதுப் பிரிவில் இரண்டு தடவை தோற்றாயிற்று. எங்கள் வீட்டில் காக்கி போடாத ஆம்பிளை நான் ஒருத்தன்தான் சார்.

எங்கள் பிரிவில் எவனும் அறுபத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. பகல் இரண்டு மணிக்கு எடை. காலையில் எங்கள் மெஷினில் ஏற்றிப் பார்த்தால் பாண்டிச்செல்வம் அறுபத்தாறு முந்நூறு. முந்தின நாள்தான் கூமாப்பட்டியில் அவர்கள் கோயில் பொங்கல்.

“ஏலே, எம்புட்டுலே தின்னே?” என்றேன்.

“எங்கக்கா இலையில கறிய வச்சிட்டு நிக்கா. செத்த இரு, மெஷின்ல ஏறிப் பாத்துட்டு வாரேன்னா சொல்ல முடியும்?” என்று சிரித்தான்.

எடை குறைக்க நாங்கள் எப்போதும் செய்கிறதுதான். மழைக்கோட்டை மாட்டி வெயிலில் ஓடவிட்டேன். தண்ணீர் கிடையாது. பதினோரு மணிக்கு அறுநூறு கிராம் இறங்கியிருந்தது. அதற்குமேல் கால் பின்னி உட்கார்ந்துவிட்டான்.

ஓட முடியாதவனை என்ன செய்வது? சீசன் முழுக்க நாங்கள் வந்துபோனது தெரிந்தவர் ஒருவரின் நூல் ஏற்றுகிற வண்டியில். நாலு பக்கமும் தகரம். அதை மைதானத்துக்கு வெளியே வெயிலில் நிறுத்தி, கோட்டோடு உள்ளே உட்காரச் சொன்னேன். அவனாகத்தான் ஏறினான், எழுதிக்கொள்ளுங்கள். கொண்டியை மட்டும் நான் வெளியே போட்டேன். திறந்து கிடந்தால் இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிடுவான். மற்றவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு வண்டி நிழலில் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் தட்டினான்.

“ஏலே சிவா, நாக்கு ஒட்டிக்கிட்டு வருது. ஒரு மொடக்கு தண்ணி தாலே.”

“செத்த நேரம் பொறு. இன்னும் எறநூறு கிராம்தான்.” நான் எடை பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“கப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்லே. கதவத் தெற.”

மூச்சு முட்டுகிறபோது எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தட்டுவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். நூற்றுப் பதினான்கு. பன்னிரண்டரைக்கு நின்றது.

தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். இல்லை சார், உங்களிடம் எதற்குப் பொய்? ஏன் நின்றது என்று அப்போதே தெரியும். திறந்து பார்த்தால் சீசன் முடிந்துவிடும். மூடியிருக்கும்வரை நாங்கள் இறுதி ஆட்டத்தில் இருந்தோம். அதனால் இரண்டு மணிக்கு எடைக்குப் பெயர் கூப்பிடும்வரை கொண்டியைத் தொடவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் உடம்பை எடை போட்டிருப்பார்கள். அறுபத்தைந்துக்குள்தான் இருந்திருக்கும். எங்கள் அணி தகுதி இழக்கவில்லை என்று இந்த வாக்குமூலத்திலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் சார்.