மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லை

எனக்குச் சிறு வயதிலிருந்தே உரத்த குரல். அதனால்தான் இரும்புக் கிடங்கில் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டில் இருப்பார். கீழே யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான் தரையில் நின்று அவருக்குக் கை காட்டுவேன். சரக்கு வருகிற வழியில் நிற்பவர்களைக் கூப்பிட்டு விலக்குவேன். அந்த இரைச்சலில் பொதுவாகக் கத்தினால் ஒருவனும் திரும்ப மாட்டான். ஆளைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "குட்டை, ஒதுங்குடா", "வெல்டரண்ணே, தலைக்கு மேல பாருங்க" என்று. நான் வந்ததிலிருந்து இந்தச் சம்பவம் வரை அங்கே ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ளலாம், ஐயா.

இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். நான் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே கிடங்கு முழுக்க அவருக்கு அதே பெயராகிவிட்டது. வயதில் மூத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊருக்கே மருமகன் என்று கேலி செய்வோம்.

இந்த வருடம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கொஞ்சம் ஆட்களை வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் எங்களோடு ஒரே வாசலில் வருவது பலருக்குப் பிடிக்கவில்லை. சங்கத்தில் கூட்டம் போட்டோம், செயலாளர் நான். அவர்கள் பின்வாசலில், குப்பை வண்டி வரும் வழியில் வரட்டும் என்று தீர்மானம். யாரும் யாரையும் மிரட்டவில்லை. கை தூக்கச் சொன்னேன், தூக்கினார்கள். மாப்பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"அவங்க என்ன தப்பு பண்ணாங்க மச்சான்?"

"எல்லாரும் சேர்ந்து எடுக்கிற முடிவு இது."

"எல்லாரும் சேர்ந்துட்டா தப்பு சரியாயிடுமா? என்னால முடியாது."

மறுநாளிலிருந்து அவரும் பின்வாசல் வழியாகவே வந்தார். கோஷம் போடவில்லை, வாதாடவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த வழியில் தேங்கிய சாக்கடைத் தண்ணீரில் அவர்களோடு சேர்ந்து நடந்து வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

அவர் முன்வாசலுக்குத் திரும்புகிற வரை யாரும் அவரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று இரண்டாவது தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். சொந்தக்காரர் என்று சலுகை காட்டினால் நாளைக்கு எவன் மதிப்பான்? மறுபடியும் எல்லோரும் கை தூக்கினார்கள். கிரேன் ஓட்டுநர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூக்கினார். ஆனாலும் தூக்கினார்.

என் தங்கை வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, கோபம்னா பேசாதே. ஆனா கிரேன் வரும்போது நீதானே கூப்பிடணும்? நீ கூப்பிடலேன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு இருக்கு இல்ல? பார்த்துக்குவாரு."

"முதுகுல இருக்கா கண்ணு?"

"ஒரு நாள் முன்வாசல்ல வரச் சொல்லும்மா. அந்த நிமிஷமே கூப்பிடறேன்."

அவள் அழுதுகொண்டே போனாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கூடப்பிறந்தவள் அழுதால் யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அது என் சொந்தக் கஷ்டம். தீர்மானம் எல்லோருடையது.

சம்பவத்தன்று அவர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கம்பிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரும்புத் தகடுகள் அவர் பக்கமாக வந்துகொண்டிருந்தன. குட்டையைக் கூப்பிட்டேன், விலகினான். வெல்டரைக் கூப்பிட்டேன், விலகினார். மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லை.

கையைத் தூக்கியிருந்தால் கிரேன் நின்றிருக்குமே என்று கேட்டீர்கள். நின்றிருக்கும். கை தூக்குவது பேச்சிலும் சேராது. அதையும் அங்கே நின்று யோசித்தேன், அதற்கு நேரம் இருந்தது. இன்றைக்கு அவருக்காக நிறுத்தினால் தினமும் நிறுத்த வேண்டும். பின்வாசலில் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பார்க்கிறவனுக்கெல்லாம் துணிச்சல் வந்துவிடும். அதனால் உள்ளங்கையைக் கீழே காட்டி, இறக்கு என்று சைகை செய்தேன். ஓட்டுநர் இறக்கினார். அவர்மீது எந்தத் தப்பும் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது. மறுநாள் தங்கை வீட்டு வாசலில்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. துக்கத்துக்கு வந்திருந்த கிடங்கு ஆட்களின் அழுகைக்கு நடுவில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குட்டை தினமும் தகடுகளுக்குப் பின்னால் அவரோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். வெல்டர் தன் மகள் கல்யாணப் பேச்சை முதலில் அவரிடம்தான் சொல்லியிருக்கிறார். கிரேன் ஓட்டுநர் சாயங்காலம் அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே போய் வீட்டில் விட்டிருக்கிறார். அந்தக் கிடங்கில் அவரோடு பேசாமல் இருந்தது நான் ஒருவன்தான்.

கூட்டத்தில் கை தூக்கிவிட்டு முதுகுக்குப் பின்னால் இப்படிச் செய்தால், பத்துப் பேர் கூடி எடுக்கிற முடிவுக்கு என்ன மரியாதை, ஐயா? தீர்மானத்தை மீறியவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். எப்போது கூப்பிட்டாலும் வந்து அடையாளம் காட்டுகிறேன்.