துப்பு விடாத ஊர்

பிள்ளைகளே, காலடிப்பேட்டையில் பஸ்சுக்கு நின்றபோது, பள்ளிச் சீருடையில் இரண்டு சிறுமிகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

“அந்தத் திருடன் லாமான்ற மிருகத்தோட கம்பளி வாங்கினானாம். எந்த நாடுடி செல்வி?”

“பெரு. கம்ப்யூட்டர் கேம்ல தினம் வருது, இதுகூட தெரியாதா மண்டு?”

“அப்போ நாளைக்கு ஸ்கூல் கம்ப்யூட்டர்ல அங்க போய் அவன புடிச்சிடலாம்.”

“நாளைக்கு நான் வரமாட்டேன் மாலா. எங்க குடிசைய இடிக்கிறாங்க. வேற எடத்துல வூடு தராங்களாம்.”

“இன்னாடி சொல்ற? எந்த எடம்?”

“தெரியல. லாரில ஏத்திகினு போவாங்களாம்.”

“நீ இல்லாம திருடன நான் எப்படிடி கண்டுபுடிப்பேன்?”

“அவன் ஊருக்கு ஊரு துப்பு வுட்டுட்டுப் போறான், புடிச்சிடுவ.”

“உன்ன?”

“எனக்கே ஊர் பேரு தெரியல. இன்னா துப்புடி வுடறது?”

பஸ் வந்தது. அவர்கள் இருவரும் ஏறவில்லை.