சுவரில் முட்டி நிற்பவர்கள்

விபத்து அறிக்கையில் உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அடுத்தவர்கள் கிறுக்கியதைப் படித்துப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான், அதனால் இதைச் சும்மா உங்களைக் குளிரவைக்கச் சொல்லவில்லை. நாள், நேரம், அரங்கத்தின் நீள அகலம், கதவின் உயரம் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒரு எழுத்துப் பிழை இல்லை. மூன்றாவது பத்தியில் மட்டும் 'கதவுப் பொறுப்பாளரின் கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது.

நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதினீர்கள் என்று தெரிகிறது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள் என்றார்கள். நீங்களோ டீ வரவழைத்துக் கொடுத்து, மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி என்றீர்கள். எனக்கு மறதி கிடையாது, சார். நான் ஓட்டுநர் உரிமத் தேர்வாளன். ஒரு நாளைக்கு முப்பது பேர் வண்டி ஓட்டிக் காட்டுவார்கள், நான் பக்கத்து இருக்கையில் மடியில் மதிப்பெண் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். கிளப்ப எல்லோருக்கும் தெரிகிறது. நிறுத்தத் தெரிகிறவன் பத்தில் ஒருவன்.

ஸ்கேட்டிங்கும் அப்படித்தான். நாற்பத்தொரு வயதில் டாக்டர் வியர்வை வரும்படி ஏதாவது செய்யச் சொன்னார். அலுவலகத்துக்குப் போகும் வழியில் இந்த அரங்கம் இருந்தது. பழைய சரக்குக் கிடங்கு, உள்ளே வழவழப்பான தரை போட்டு, சுற்றிலும் இடுப்பளவுக்குப் பலகைச் சுவர் கட்டியிருக்கிறார்கள். ஒரே வரிசையில் நான்கு சக்கரம் வைத்த ஸ்கேட், கையில் ஸ்டிக், தரையில் ஒரு பிளாஸ்டிக் வட்டு. இன்லைன் ஹாக்கி என்று பெயர். பெரியவர்கள் அணியில் ஒரு பல் டாக்டர், ஒரு பேக்கரிக்காரர், இரண்டு கணக்கர்கள், இன்னும் இப்படிச் சிலர். வேலை முடிந்து வந்து, விழுந்து, சிரித்து, அதையே விளையாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் முறைப்படி கற்றுக்கொண்டேன். எங்கள் அலுவலகத் தேர்வு மைதானம் காலை ஏழு மணிக்குக் காலியாகத்தான் கிடக்கும். ஆரஞ்சு நிறக் கூம்புகளை ஆறடிக்கு ஒன்றாக வைத்து, ஒரு வாரம் முழுக்க வெறும் முழங்கால் மடக்கல். அடுத்து சக்கரத்தின் உள்விளிம்பில் எடையை வைப்பது, வெளிவிளிம்பில் வைப்பது, வளைவில் ஒரு காலைத் தூக்கி மறுகாலுக்கு மேலே போடுவது. பின்பக்கமாகப் போவதற்கே நான்கு மாதம் ஆனது. கடைசியில்தான் நிற்பது. சின்னப் பிள்ளைகளின் ஸ்கேட்டில் குதிகாலில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். ஹாக்கி ஸ்கேட்டில் அந்தச் சலுகை இல்லை. வேகமாக வரும்போதே இடுப்பை வெடுக்கென்று திருப்பி, இரண்டு காலையும் குறுக்கே போட்டு, முழங்காலில் எடையை இறக்க வேண்டும். சக்கரங்கள் கீச்சென்று தேய்ந்து நிற்கும். பயந்து நிமிர்ந்தால் ஆள் காலி. இடது பக்கமாக நிற்க எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது, வலது பக்கமாக நிற்க இன்னும் ஐந்து. என் இடுப்பில் இருந்த காயத்தைப் பார்த்து என் மனைவி அழுதிருக்கிறாள்.

அணியில் மற்றவர்கள் எப்படி நின்றார்கள் தெரியுமா? பாதிப் பேர் காலைப் பரப்பி, பிரார்த்தனை செய்து நின்றார்கள். மீதிப் பேர் சுவரில் முட்டினார்கள். படித்த மனிதர்கள், வீட்டில் கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவர்கள், ஓடி வந்து பலகையில் தொம்மென்று மோதி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். என் வண்டியில் இப்படி ஒருத்தர் நிறுத்தினால் அட்டையில் ஒரே கோடு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

மூன்றாவது வருடம் என் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தான். "நீங்க தனியாத்தானே போறீங்க, அவனையும் கூட்டிட்டுப் போங்களேன். நாலு பேரப் பாத்தா அவனுக்கும் நல்லா இருக்கும்" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு நான் எதையும் மறுத்ததில்லை. முதல் நாளே அவன் விழுந்த விதத்தில் அரங்கமே சிரித்தது, அவன் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தான். சுவரில் மோதித் திரும்பி வருவதால் இரண்டாம் வாரத்திலேயே பந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாராவது விழுந்தால் இவன் போய்த் தூக்குவான். யாருக்கு வட்டு வேண்டுமோ அவருக்குத் தள்ளிவிடுவான், தானே கோல் போடலாம் என்றாலும் தள்ளிவிடுவான். இதையெல்லாம் திறமை என்று நினைக்கிற கூட்டம் அது.

எட்டாவது மாதம் ஊர்களுக்கு இடையிலான போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். இடது பக்கத் தடுப்பாளர் இடம் ஒன்றுதான் காலி. அந்த இடத்துக்காகத்தான் நான் மூன்று வருடம் விடியலில் கூம்புகளைச் சுற்றினேன். அது எல்லோருக்கும் தெரியும். அதை அவனுக்குக் கொடுத்தார்கள்.

பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அரங்கத்தின் இதே அலுவலக அறையில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். "சார், இங்க எல்லாரையும் விட நீங்கதான் நல்லா ஸ்கேட் பண்றீங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உங்களுக்கு யாரும் பாஸ் குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்களும் யாருக்கும் குடுக்கறதில்ல." அதோடு, அணியோடேயே இருங்கள், உங்களைப் போலப் பொறுப்பான ஆள் கதவுக்கு வேண்டும் என்றார்.

கதவு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், உங்கள் அறிக்கையில் அது தெளிவாக இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறுவார்கள். களைத்தவர் உள்ளே வருவார், புதியவர் போவார். அதற்காகப் பலகைச் சுவரில் எங்கள் பெஞ்சுக்கு எதிரே ஒரு கதவு. உள்பக்கமாக, அதாவது பெஞ்சுப் பக்கமாகத் திறக்கும், மேலே ஓர் இரும்புத் தாழ்ப்பாள். ஆள் வரும்போது தாழை எடுத்துக் கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும், போனதும் சாத்த வேண்டும். ஒரு வாயில்காப்போன் வேலை. கதவுக்கு உள்ளே நான்கடி இடம், அதற்கு நேர் பின்னால் உடை மாற்றும் அறைக்கு இறங்கும் மூன்று சிமெண்டுப் படி. களத்துத் தரையை உயர்த்திப் போட்டதால் அந்தப் பள்ளம்.

பந்துவுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு. அவனுக்குத்தான் நிற்கத் தெரியாதே. அதனால் அவன் வரும்போது தாழை எடுக்கக் கூடாது, அவன் கதவில் முட்டி நின்ற பிறகுதான் திறக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். தினமும் பத்துத் தடவை அவன் தோளைக் கொடுத்து என் முகத்துக்கு முன்னால் தொம்மென்று மோதுவான். "தேங்க்ஸ் மாமா" என்பான். நான் திறந்துவிடுவேன். என் இடத்தில் விளையாடிவிட்டு வருகிறவனுக்கு நான் கதவு திறந்துவிட்டேன். ஆறு வாரம். என் மனைவியிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவனைத் திருத்த நான் முயற்சி செய்யவில்லை என்று நீங்கள் நினைக்கக் கூடாது. விபத்துக்கு மூன்று வாரம் முன்பு அவனே என்னிடம் வந்தான். "மாமா, எனக்கு நிக்கச் சொல்லிக் குடுங்க. உங்கள மாதிரி கீச்சுன்னு நிக்கணும்" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேர்வு மைதானத்துக்கு அழைத்துப் போனேன். இடுப்பு, முழங்கால், எடை எல்லாம் ஒருமுறை சொன்னேன், ஒருமுறை செய்து காட்டினேன். ஐந்தாறு தடவை புரண்டான். வழக்கம் போலச் சிரித்தான். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து முழு வேகத்தில் வந்து, என் முழங்காலுக்கு ஓரடி தள்ளி, கீச்சென்று நின்றான். இடது பக்கமாக. அப்புறம் விளையாட்டாக வலது பக்கமாகவும் நின்றான்.

எனக்குப் பதினான்கு மாதம் ஆனது என்று சொன்னேன் அல்லவா.

கூம்புகளை அடுக்கிக்கொண்டே அவனிடம் சொன்னேன். "கணுக்கால் உள்ள மடங்குது மாப்ள. இப்படியே செஞ்சா ஒரு நாள் முறிஞ்சுடும். ஆட்டத்துல இதெல்லாம் வேணாம். உனக்குச் சுவர்தான் சரி." அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் சந்தேகப்படவில்லை. "நீங்க சொன்னா சரிதான் மாமா" என்றான். கணுக்கால் மடங்கியதா என்று கேட்கிறீர்கள். இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மதியமே வந்துவிட்டேன். படிகளில் தடிமனான ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்கள். அழுக்காக இருந்தது என்று எடுத்துக் கழுவிப் பின்பக்கம் காயப்போட்டேன். உண்மையிலேயே அழுக்காகத்தான் இருந்தது. பயிற்சி ஆட்டத்தின் இரண்டாவது பாதியில், படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் டாக்டரை அந்தப் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். தேவையில்லாமல் இன்னொருவருக்கு அடிபடக் கூடாது. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. பந்து ஸ்டிக்கால் தரையைத் தட்டினான், வருகிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். நான் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவை இழுக்கவில்லை, ஒட்டினாற்போல் சாத்தியே வைத்தேன். களத்திலிருந்து பார்த்தால் தாழ் போட்ட மாதிரிதான் இருக்கும்.

அணியில் மற்ற எல்லோருக்கும், ஆள் வரும்போது தாழை எடுப்பதுதான் என் வேலை. அவனுக்கும் அதையேதான் செய்தேன். ஒருவனுக்கு மட்டும் விதி மாறக் கூடாது என்பது என் தொழிலிலும் உண்டு.

அவன் தோளைத் தாழ்த்தி, கதவு தாங்கும் என்று உடம்பு முழுக்க நம்பி வந்தான். கதவு தாங்கவில்லை. தலைக்கவசம் போட்டிருந்தான், அது உடையவும் இல்லை. கழுத்துதான் மடங்கிவிட்டது. இரண்டாவது படியில் கிடந்தான். எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அசைக்காதீர்கள், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிதானமாகச் சொன்ன ஒரே ஆள் நான். அதற்காகப் பயிற்சியாளர் அப்புறம் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. இனி வராது என்று டாக்டர்கள் என் மனைவியிடம் சொல்லிவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். நேற்று வராந்தாவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, அவனைக் கூட்டிட்டுப் போங்கன்னு நான்தானே சொன்னேன், எல்லாம் என்னாலதான் என்று அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை. அவள் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது.

அவனையும் பார்த்தேன். பேச முடிகிறது. அறையில் யாரும் இல்லாதபோது என்னைக் கிட்டே கூப்பிட்டான். "மாமா, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. அவசரத்துல யாருக்கும் கை தவறும். அந்தக் காப்பீட்டுக்காரர் இங்க வந்தா, நானே தாழத் தட்டி விட்டுட்டேன்னு சொல்லிடறேன். அக்காகிட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன்." அதோடு நிற்கவில்லை. "நின்னு பழகினத மட்டும் விட்டுருக்கக் கூடாது மாமா. அன்னிக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படுத்த படுக்கையிலும் பெருந்தன்மையா? என்னை மன்னிக்கிறானாம். கை தவறியதாம். என் கை எப்போது தவறியிருக்கிறது? மூன்று வருடம் இந்த அரங்கத்தில் ஒரு தடவையாவது நான் சுவரைத் தொட்டதை யாராவது பார்த்திருக்கிறார்களா, போய்க் கேளுங்கள். நீங்களும் அவனும் சேர்ந்து என்னை ஒரு மறதிக்காரனாக ஆக்கப் பார்க்கிறீர்கள். கதவுகூடச் சரியாகச் சாத்தத் தெரியாதவன் என்று என் பெயர் காகிதத்தில் ஏற வேண்டுமா?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? பேனாவைக் கொடுங்கள், நானே திருத்துகிறேன். 'கவனக்குறைவால்' அடித்தாயிற்று. 'முழுக் கவனத்தோடு, வேண்டுமென்றே' என்று மேலே எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கீழே முழுக் கையெழுத்து, தேதி. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போலீசைக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, அவர்களிடமும் இதையே சொல்வேன். வெளியே சக்கரச் சத்தம் கேட்கிறது, பயிற்சியை ஆரம்பித்துவிட்டார்கள் போல. இடது பக்கத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். போகிற வழியில் பயிற்சியாளரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் சார், இது மறதியால் நடந்ததில்லை என்று. அப்புறம் அவருக்கு என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயக்கம் இருக்காது.